காதுப்பெட்டிக்கு ஒரு சன்ஷேடு

புதுவயலில் அரிசி மில் இல்லாத தெருவைக் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று லாரிக்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள். அத்தனை மில்லிலும் பெரிய சிமெண்டுக் களம் மெய்யநாதன் செட்டியார் மில்லில்தான் இருந்தது. அந்தக் களத்தை ஆண்டவள் பொன்னழகு. ஆண்டவள் என்று சொன்னால் மிகையில்லை. அவித்த நெல்லை எங்கே கொட்டுவது, எவ்வளவு கனத்தில் பரப்புவது, எப்போது துழாவுவது, வானம் கறுத்தால் எந்த மூலையிலிருந்து குவித்துத் தார்ப்பாய் போடுவது, எல்லாம் அவள் வாயிலிருந்து வரவேண்டும். செட்டியாரே களத்தில் கால் வைக்குமுன் அவள் முகத்தைப் பார்ப்பார் என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அதில் பாதி உண்மை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு தை மாதம் விஷக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள், காது பிழைக்கவில்லை. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. பக்கத்தில் வந்து கத்தினால் ஏதோ கேட்கும். ஆனால் மில் இரைச்சலில் பக்கத்தில் வந்து கத்துவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது? ஒருநாள் மூட்டை ஏற்ற வந்த லாரி பின்பக்கமாக வந்தது. கிளீனர் வண்டியைத் தட்டித் தட்டிக் கத்துகிறான். களமே கத்துகிறது. பொன்னழகு மட்டும் குனிந்து நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்த்த அன்னக்கிளி பாய்ந்து வந்து கொண்டையைப் பிடித்து இழுத்துப் போட்டிராவிட்டால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

செட்டியார் அதைக் கண்ணால் பார்த்தார். மறுநாள் காலையில் பொன்னழகைக் கல் பொறுக்கும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். களத்துக்குச் சோணைமுத்து மேஸ்திரி ஆனான்.

கல் பொறுக்குவது கேவலமான வேலை ஒன்றும் இல்லை. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் கொட்டகை ஜன்னல் களத்தைப் பார்த்து இருந்தது. அதுதான் வினை. நெல் இன்னும் அரைக்காய்ச்சலில் கிடக்கும்போதே சோணைமுத்து அள்ளச் சொல்வான். மில்லுக்குள் போன அரிசி பாதி குருணையாக வெளியே வரும். பொன்னழகுக்கு வயிறு எரியும். போதாக்குறைக்கு அவன் அவளைப் பற்றிப் பேசவேண்டியதை அவள் முன்னாலேயே நின்று பேசுவான். செவிடுதானே, என்ன தெரியப்போகிறது! அவன் உதடு கோணுவதை வைத்தே அவளுக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் என்ன சொன்னான் என்று தெரியாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது? பதில் சொல்ல முடியாத கோபம் போல மனுசியை அரிப்பது வேறில்லை.

அவள் புருஷன் தங்கச்சாமி லாரி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். வாய் பேசாத மனுசன். அவன்தான் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காது மிஷின் வாங்கிக் கொடுத்தான். வெற்றிலைப் பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு டப்பா. உள்ளே பேட்டரி. டப்பாவிலிருந்து ஒரு வயர் ஏறி, நுனியில் இருக்கிற குமிழோடு காதுக்குள் போகும். டப்பாவின் நெற்றியில் சல்லடை மாதிரி ஓட்டைகள். அதுதான் அதற்குக் காது.

அதை மாட்டிக்கொண்டு பொன்னழகு முதலில் கேட்டது மதுரை பஸ் நிலையம். ஆத்தாடி, இம்புட்டுச் சத்தத்தையா ஊரு உலகம் தினமும் தாங்குகிறது என்று பயந்துபோனாள். ஊருக்கு வந்து மறுநாள் மில்லுக்குப் போனாள். கொட்டகைக்குப் போகாமல் நேராகக் களத்துக்குப் போனாள். ஒருத்தி கையிலிருந்த தள்ளுபலகையைப் பிடுங்கி நெல்லை ஒரு தள்ளுத் தள்ளினாள். ஈர நெல் 'சொத சொத' என்று நகரும். காய்ந்த நெல் 'சலசல' என்று ஓடும். களத்துக்காரிக்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம். சலசலவென்று கேட்டது. நடுக்களத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு பொன்னழகு அழுதாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவாக எழுதியிருந்தது. நெல் அவிக்கும் கொப்பரையின் ஆவி, தவிட்டுத் தூசி, சித்திரை வெயிலில் ஆறாக ஓடும் வியர்வை, எல்லாம் சேர்ந்து ஒரு வாரத்திலேயே மிஷினைக் கொன்றுவிட்டன. பழையபடி மதுரைக்கு ஓடினார்கள். பழுது பார்ப்பவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது காத்தாடிக்குக் கீழ உக்காந்திருக்கவங்களுக்குச் செஞ்சது. நீங்க நெல்லு மில்லுல கொண்டுபோய் வேக வச்சிருக்கீங்க. இந்த ஒரு தடவை சரிபண்ணித் தர்றேன். இன்னொரு தடவை உள்ள ஈரம் போச்சுன்னா குப்பையிலதான் போடணும்."

பிழைத்த மிஷினோடு பொன்னழகு செட்டியார் முன்னால் போய் நின்றாள்.

"மொதலாளி, எனக்கு இப்பக் காது கேக்குது. களத்தக் குடுத்துருங்க."

மெய்யநாதன் செட்டியார் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த லாரியை அவர் மறக்கவில்லை. "ஏத்தா, காஞ்ச நாளுல எந்தப் பொட்டியும் பேசும். களத்துல ஆபத்து வர்றது மழையன்னிக்கு. அன்னிக்குத்தான் ஆளுக ஓடுறதும் லாரி நொழையிறதும். மழையில வந்து நில்லு. நல்லா நனைஞ்ச பெறகும் நாஞ் சொல்றது ஒனக்குக் கேட்டுச்சுன்னா களம் ஒனக்கு. கேக்கலன்னா கல்லுக் கொட்டகதான். அப்பறம் இந்தப் பேச்ச எடுத்துக்கிட்டு எங்கிட்ட வரப்புடாது, சம்மதமா?"

பக்கத்தில் நின்ற சோணைமுத்து சிரித்தான். மழையில் நிற்கிற மின்சாரப் பெட்டியை அவன் கண்டதில்லை.

"சம்மதம் மொதலாளி" என்றாள் பொன்னழகு. சொல்லிவிட்டுப் புருஷனின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

தங்கச்சாமியின் சிநேகிதர் காளிதாஸ் காரைக்குடியில் நகை வேலை செய்பவர். கண்டனூர் வீடுகளில் கல்யாணம் என்றால் நகை அவர் பட்டறையிலிருந்துதான் போகும். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கை பரபரத்தது. "தண்ணி போகாம இருக்கணும், அம்புட்டுத்தானே? பித்தளையில ஒரு செப்புச் செஞ்சு உள்ள வச்சுப் பூட்டிடுவோம் தங்கச்சி. நான் மூடுனா காத்துக்கூட உள்ள போகாது" என்றார்.

சொன்னபடியே செய்தார். என்ன அழகான செப்பு! மூலைகளில் கொடி வேலை வேறு. உள்ளே மிஷினை வைத்து, மூடியின் விளிம்பைச் சுற்றி அரக்கை உருக்கி அடைத்தார். உள்ளீடற்ற நகைக்கு அரக்கு வைத்து வைத்துப் பழகிய கை அல்லவா? வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டினார். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பெருமையோடு பொன்னழகின் காதில் வயரை மாட்டினார்.

"என்ன தங்கச்சி, கேக்குதா?"

பொன்னழகு அவர் வாயையே பார்த்தாள்.

"கேக்குதா?"

"என் நெஞ்சு அடிக்கிறது நல்லாக் கேக்குது பத்தரே. நீங்க என்னமோ வாயசைக்கிறீக."

வாயே திறக்காத தங்கச்சாமி அன்றைக்குத் திறந்தான். "காத்துக்கூடப் போகாதுன்னீக. காத்துப் போகாத எடத்துல சத்தம் எப்புடிப் போகும்?" செவிடன் காதில் ஊதிய சங்கு கேள்விப்பட்டிருக்கிறோம், சங்குக்கே அரக்கு வைத்து அடைத்த கதை இதுதான். காளிதாஸ் முகம் தொங்கிப்போயிற்று. வந்த சிரிப்பை அடக்க முடியாமல் பொன்னழகு சிரிக்க, பிறகு அவரும் சிரித்தார். அரக்கை உருக்கித் திறப்பதற்குள் விரல் சுட்டது மிச்சம்.

அப்புறம் பல நாள் அந்தச் செப்பு பட்டறைப் பலகையில் சும்மா கிடந்தது. ஓட்டை போட்டால் தண்ணீர் போகும், போடாவிட்டால் சத்தம் போகாது. இரண்டு ஆண்களும் மாறி மாறித் தலையைச் சொறிந்தார்கள். வழி கண்டது பொன்னழகுதான். காரைக்குடி கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்குப் போயிருந்தாள். கூட்டத்தில் மிஷின் இடிபடும் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அன்னக்கிளி தன் மகளுக்கு வாங்கிய பலூனை இவள் கையில் கொடுத்துவிட்டுத் தேங்காய் உடைக்கப் போனாள். பக்கத்தில் மேளம் தொடங்கியது. பொன்னழகுக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் கையிலிருந்த பலூன் அதிர்ந்தது. தவிலின் ஒவ்வொரு அடியும் உள்ளங்கையில் வந்து விழுந்தது. பலூனுக்குள் காற்றுப் போகவில்லை, தண்ணீரும் போகாது, மேளம் போகிறதே! சாமியைக்கூடச் சரியாகக் கும்பிடாமல் நேராகக் காளிதாஸ் பட்டறைக்கு நடந்தாள்.

"பத்தரே, செப்புல வாயத் தொறங்க. தொறந்து அது மேல பலூன இழுத்து ஒட்டுங்க!"

மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் மிஷினை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். செப்பின் நெற்றியில் காளிதாஸ் வட்டமாக வாய் வெட்டினார். தங்கச்சாமி பலூனைக் கிழித்து, சைக்கிள் டியூபுக்குப் போடுகிற சொல்யூஷனால் அதன்மேல் ஒட்டினான். வயர் வெளியே வருகிற ஓட்டையில் வால்வு டியூபைச் சொருகி இறுக்கினான். இந்த முறை அரக்கு இல்லை. மூடி விளிம்பில் டியூபை வளையமாக வெட்டி வைத்துத் திருகாணி போட்டு முடுக்கியாயிற்று. வேண்டும்போது திறந்து பேட்டரி மாற்றலாம். கீழே விழுந்தால் அடிபடாமல் இருக்க மிஷினின் நாலு மூலைக்கும் ரப்பர் துண்டால் முட்டுக் கொடுத்தான். பொன்னழகு மாட்டிக்கொண்டாள். தெருவில் போன பால்காரன் மணி கேட்டது. காளிதாஸ் வேண்டுமென்றே வாய்க்குள் முனகியதும் கேட்டது.

"'தங்கச்சி கெட்டிக்காரி'ன்னு சொன்னீக. சத்தமாத்தான் சொல்லுங்களேன்" என்றாள்.

ஆனால் சந்தோஷத்தை உடனே முழுசாகத் தந்துவிட விதிக்கு மனசு வராது. வீட்டுக்கு வந்ததும் தங்கச்சாமி சோதித்துப் பார்க்க ஒரு குடம் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினான். பொன்னழகு "ஐயோ" என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. ஆனால் இழுத்துக் கட்டிய பலூனில் விழுந்த ஒவ்வொரு துளியும் காதுக்குள் இடியாக இறங்கியது. இப்படி இடித்தால் மழையில் செட்டியார் சொல்வது எங்கே கேட்கும்?

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவள் சோர்ந்துபோய் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் புதிதாகக் கட்டிய மச்சு. ஜன்னலுக்கு மேலே சிமெண்டில் ஒரு நீட்டு நீட்டியிருந்தார்கள். கண் அதிலேயே நின்றது. "ஏங்க, சன்னலுக்குச் சன்ஷேடு எதுக்குப் போடுறாக?" என்று கேட்டாள். தங்கச்சாமி உடனே செப்பையும் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போய்விட்டான். சாயங்காலம் செப்போடு வந்தான். பலூன் வாய்க்கு மேலே பித்தளையில் வளைந்த கூரை ஒன்று நீண்டிருந்தது. அதிலும் கொடி வேலை செய்ய மறக்கவில்லை காளிதாஸ். இந்த முறை குடத்துத் தண்ணீர் கூரையில் விழுந்து வழிந்து ஓடியது. புருஷன் "கேக்குதா?" என்று மெதுவாகக் கேட்டது, பக்கத்து வீட்டில் தாளிப்பது, எல்லாம் கேட்டது. கேட்காமல் இருந்தது மழை மட்டும்தான்.

அதுவும் வந்தது. ஐப்பசி மாதம், உச்சிப்பொழுது. களம் நிறைய அவித்த நெல். காலையிலிருந்து சுள்ளென்று அடித்த வெயிலை நம்பிச் சோணைமுத்து பரப்பச் சொல்லியிருந்தான். வடக்கே வானம் மை பூசினாற்போல் கறுத்ததைப் பொன்னழகு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். தலைத்துண்டைக் காதை மூடி இறுக்கிக் கட்டினாள். செப்பைப் பதக்கம் போல மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கினாள்.

"வடக்குப் பக்கத்த மொதல்ல குவிங்கடி! அங்குட்டுத்தான் தண்ணி நிக்கும்!"

சோணைமுத்து "தெற்கே" என்று கத்தினான். பெண்கள் ஒரு கணம் இரண்டு பேரையும் பார்த்தார்கள். பிறகு அன்னக்கிளி வடக்கே ஓடினாள். அவள் பின்னால் அத்தனை பேரும் ஓடினார்கள். மழை இறங்கிவிட்டது. சாதாரண மழையா? எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. பலகைகள் பறந்தன, நெல் குவிந்தது, தார்ப்பாய்கள் விரிந்தன. தகரக் கொட்டகைக்குக் கீழே செட்டியார் வந்து நின்றார். மழைக்கு ஒதுங்க உள்ளே நுழைந்த லாரியின் ஹாரன் சத்தம் கேட்டுப் பொன்னழகு திரும்பாமலே கையைக் காட்டி அதை ஓரத்தில் நிறுத்தினாள். செட்டியார் அதைக் கவனித்தார். சோணைமுத்தும் கவனித்தான். அவன் முகம் சுண்டியது.

கடைசிக் குவியல். தார்ப்பாயின் முனையைப் பிடித்துக்கொண்டு ஓடிய பொன்னழகின் கால், வழுக்குச் சிமெண்டில் சறுக்கியது. நெஞ்சு அடிபட விழுந்தாள். செப்பு தரையில் மோதிய ஓசை கொட்டகை வரைக்கும் கேட்டதாம். அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

ஒன்றுமே கேட்கவில்லை. அவ்வளவு மழை பெய்கிறது, ஒரு சத்தம் இல்லை. எதிரே அன்னக்கிளி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்துவிட்டது. இனி ஆயுசுக்கும் அந்த ஜன்னல்தான், அந்த முறம்தான். எழுந்திருக்கவும் மனசில்லாமல் அப்படியே கிடந்தாள். பழக்கதோஷத்தில் கை மட்டும் காதுக்குப் போனது. துண்டு அவிழ்ந்திருந்தது. காது வெறுமையாக இருந்தது! குமிழ் கழன்று வயரோடு தரையில் கிடந்தது. வெடுக்கென்று எடுத்தாள், முந்தானையின் நனையாத மடிப்பில் துடைத்தாள், காதில் அழுத்தினாள்.

மூட்டை அவிழ்ந்து அரிசி கொட்டினாற்போல மழை காதுக்குள் வந்து கொட்டியது. அதன் நடுவில், கொட்டகை ஓரத்திலிருந்து சோணைமுத்தின் குரல் கேட்டது.

"அம்புட்டுத்தான் மொதலாளி. பொட்டி போச்சு. செவிடு பழையபடி செவிடாப் போச்சு."

இத்தனை நாளும் அவன் கோணிய உதட்டில் என்ன இருந்தது என்று கடைசியில் தெரிந்தது. பொன்னழகு விழுந்த இடத்தில் கிடந்தபடியே குரல் கொடுத்தாள்.

"செவிடு கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கு சோணமுத்தண்ணே! அங்க நின்னு பொரணி பேசாம, இங்குட்டு வந்து இந்த முனையப் பிடிங்க. நெல்லு நனையுது!"

அன்னக்கிளி சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு எல்லாப் பெண்களையும் பிடித்துக்கொண்டது. சோணைமுத்து தலையைக் குனிந்தபடி மழையில் இறங்கி வந்து முனையைப் பிடித்தான். அவனை விட்டால் யார் பிடிப்பது? இருவருமாக இழுத்துக் கட்டினார்கள்.

பொன்னழகு முழங்கை சிராய்த்து ரத்தம் வழிய, தலை முதல் கால் வரை சொட்டச் சொட்டக் கொட்டகை முன்னால் வந்து நின்றாள். செப்பின் கூரை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பலூனில் கீறல் இல்லை. செட்டியார் அந்தப் பித்தளையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பாட்டுக்கு வா என்று வீட்டில் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"நாளையிலேர்ந்து களம் ஒன்னோடதுத்தா."

ஒவ்வொரு எழுத்தும் காதில் தெளிவாக வந்து விழுந்தது. பொன்னழகு வந்த அழுகையை விழுங்கினாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். நனைந்துகொண்டு நிற்கிற பெண்கள், லாரிக்காரர்கள், தார்ப்பாய்க் கயிற்றோடு சோணைமுத்து, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னீக மொதலாளி? சரியாக் கேக்கல."

செட்டியார் அவள் கண்ணைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, மழைக்கும் மில்லுக்கும் மேலே, களம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"களம் பொன்னழகோடது!"